வலி உணரும் இல்லம்

தியானப் பகுதிகள்: மாற்கு 14:32–42; 1 கொரிந்தியர் 12:12–27; யோவான் 13:1–17

மருத்துவமனைக் கட்டிலருகே நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: தேவசித்தம். அழகர்கோவில், மேலூர், நத்தம் பக்கங்களிலிருந்து வரும் பிற சமயத்தார் அதனையே "எல்லாம் அழகர் விட்ட வழி" என்பர். சொல் வேறாயினும் அதனோடு வரும் பெருமூச்சு ஒன்றே. மாதக்கணக்கில் பணிவிடை செய்து, செய்யக்கூடியவை அனைத்தையும் செய்து முடித்த ஒரு மகள், தந்தையின் இறுதி நாளில் அச்சொல்லைச் சொல்லும்போது நாங்கள் தலைவணங்குகிறோம். காலில் வந்த புண்ணை நாற்பது நாள் வீட்டிலேயே வைத்திருந்து, விரல் கறுத்த பின்னர் அழைத்து வந்து, "தேவசித்தம் எப்படியோ அப்படி நடக்கட்டும், டாக்டர்" என்று ஒருவர் சொல்லும்போது, அதே சொல் எங்கள் செவியில் வேறாக ஒலிக்கிறது. முன்னவர் நீண்ட பயணத்தின் முடிவில் அதனைச் சொல்கிறார். பின்னவர் பயணத்தைத் தொடங்குமுன்னரே சொல்லிவிடுகிறார்.

கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றின் கூடத்துச் சுவரில், இவ்வீட்டின் தலைவர் கிறிஸ்துவே என்று பொருள்படும் பலகை ஒன்று தொங்குவதைக் காண்கிறோம். திருமண நாளில், உடல்நலம் குன்றும் காலத்திலும் ஒருவரையொருவர் கைவிடோம் என்று சபையார் முன்னிலையில் வாக்களிக்கிறோம். இருபத்தைந்து வயதில் அவ்வாக்கைச் சொல்லும்போது நோய் என்பது வெகுதொலைவிலுள்ள ஏதோ ஓர் ஊராகவே தோன்றுகிறது. ஐம்பது வயதில் அவ்வூர் நம் வாசலுக்கே வந்துவிடுகிறது. குடும்பத்தைக் கடவுளின் சித்தத்தின்மேல் கட்டுதல் என்றால் என்ன என்பதை, நோய் நுழைந்த ஒரு வீட்டில் வைத்து ஆராய்வதே இம்மாதப் பாடத்தின் நோக்கம்.

தோட்டத்தில் நடந்த ஜெபம்

தேவசித்தம் என்ற சொல்லை நாம் கெத்செமனே தோட்டத்திலிருந்தே கற்றுக்கொண்டோம். ஆனால் அங்கு அது எவ்வாறு சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். ஆண்டவர் முதலில், துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்றே மன்றாடினார். தம் வியாகுலத்தை மறைக்கவில்லை. நண்பர்களை அருகில் இருக்கும்படி வேண்டினார். மும்முறை சென்று ஜெபித்தார். தம் வேண்டுதலைச் சொன்ன பின்னரே தந்தையின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த ஒப்புக்கொடுத்தலைச் சொன்னவர், துன்பத்தைத் தாமே சுமக்கப்போகிறவர். அருகிலிருந்த சீடர்கள் மூவரும் அதனைச் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு உரிமையும் இல்லை. அவர்களுக்கு இடப்பட்ட வேலை விழித்திருப்பது மட்டுமே. அவர்களோ உறங்கிவிட்டார்கள். நோயாளி தம் நோயைக் குறித்துத் தேவசித்தம் என்று சொல்வது விசுவாசமாக இருக்கலாம். கட்டிலருகே நிற்கும் நாம் அவருடைய நோயைக் குறித்து அதனைச் சொல்லுமுன், நாம் விழித்திருந்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜெபமும் மருந்தும் ஒன்றற்கொன்று பகை என்று எண்ணுவோருக்கு எசேக்கியா அரசனின் வரலாறே போதும். அரசன் அழுது ஜெபித்தான், கடவுள் கேட்டார், ஆயினும் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் கட்டச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் கட்டுப் போடும் வேலை மனிதர் கையிலேயே இருந்தது.

கொல்லிமலையில் ஒரு குடும்பம்

தேவசித்தத்தின்மேல் தம் வாழ்வைக் கட்ட முயன்ற ஒரு குடும்பத்தை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அது நடந்த இடம் நமக்கு அயலானதன்று. நம் அழகர்மலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையே அது.

ஜெசி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் 1913-இல் திருமணம் முடித்து அம்மலையில் குடியேறினார்கள். அன்று மேலே செல்லச் சாலை இல்லை. மலேரியா மட்டும் தாராளமாக இருந்தது. ஜெசி பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஓரளவு மருத்துவப் பயிற்சி பெற்ற, கட்டட வேலை அறிந்த நற்செய்தியாளர். மலைமக்களின் கால்களிலிருந்து நரம்புச்சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் வெளியே எடுப்பது அவருடைய அன்றாட வேலைகளுள் ஒன்று. எடுத்துக்கொண்டே இருந்தால் போதாது, புழு பரவுவது நீர்நிலைகளில் மக்கள் கால் நனைப்பதால்தான் என்று கண்டு, கால் நனையாமல் நீர் இறைக்கும்படியான கிணறுகளையும் அமைத்தார். (இந்தியாவின் கடைசி நரம்புச்சிலந்தி நோயாளி 1996-இல் பதிவானார், 2000-இல் நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. மருந்தோ தடுப்பூசியோ இன்றி, நீரைக் காத்தே ஒழிக்கப்பட்ட நோய் அது.) நோயைத் தேவசித்தம் என்று விட்டுவிடவும் அவரால் முடிந்திருக்கும். கிணறு வெட்டுவதையே அவர் தேவசித்தமாகக் கொண்டார்.

முதல் உலகப்போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் அம்மலையையும் தாக்கியது. நோயுற்ற ஒரு பூசாரியின் வீட்டுக்குள் செல்ல உற்றாரே அஞ்சியபோது, இத்தம்பதியர் சென்று பணிவிடை செய்தார்கள். அதுவரை தமக்கு எதிராக நின்ற அவர்களிடமே, இறக்கும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை வளர்க்கும்படி ஒப்படைத்தார். அப்பெண் குழந்தை பிராண்டு வீட்டின் பிள்ளையாயிற்று.

இக்குடும்பத்தின் எல்லாச் செயலையும் முன்மாதிரி என்று காட்ட நாங்கள் விரும்பவில்லை. 1914-இல் பிறந்து அம்மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால், 1923-இல், ஒன்பது வயதில், தங்கையுடன் கல்விக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டான். அக்கால மிஷனெரிக் குடும்பங்களின் வழக்கம் அது. அவன் தன் தந்தையை அதன்பின் காணவே இல்லை. 1929-இல் மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெசி இறந்தார். செய்தி தந்தியில் விரைந்தது. கடிதங்களோ கப்பலில் மெல்ல வந்தன. தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்த பின்னும், அவர் உயிரோடிருக்கையில் எழுதிய கடிதங்கள் வாரக்கணக்கில் அப்பிள்ளைகளின் கைக்கு வந்துகொண்டிருந்தன. கடவுளின் ஊழியத்துக்காகப் பெற்றோர் கொடுத்த விலையின் ஒரு பங்கைப் பிள்ளைகள் செலுத்தினார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. வளைகுடா நாடுகளில் தந்தையும் விடுதியில் பிள்ளையுமாக வாழும் நம் மதுரை மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இது புரியாத துயரமும் அன்று.

ஈவ்லின் மீண்டும் இந்தியாவுக்கே வந்தார். ஓய்வு பெறும் வயதில் மிஷன் அவரை விடுவித்தபோது, ஏறத்தாழ எழுபது வயதில், எவருடைய ஊதியத்தையும் எதிர்பாராமல் மலைக்கு ஏறிச் சென்றார். குதிரைமீது ஊர் ஊராகச் சென்று நோயாளரைக் கவனித்தார். பின்னாளில் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு நடந்தார். 1974-இல் 95-ஆம் வயதில் இறந்தபோது, கணவருடைய கல்லறையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மூதாட்டியர் பலர், "இனி நம்மால் யாருக்கு என்ன பயன்" என்று எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு இந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லுவோம். முழங்கால் வலிக்கு மாத்திரையையும் தருவோம்.

வலியின்றிப் போன கைகால்கள்

மகன் பால் பிராண்டு மருத்துவத்தை முதலில் வெறுத்தார். தந்தை புண்களைக் கீறிக் கழுவியதைக் கண்ட சிறுவயது நினைவே காரணம். சில ஆண்டுகள் தச்சும் கொத்தும் கற்றார். அதன்பின் லண்டனில் மருத்துவம் பயின்றார்; உடன்பயின்ற மார்கரெட் என்பவரை 1943-இல் மணந்தார்; 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளரைக் காட்டினார். மடங்கிப் போன அக்கைகளுக்கு ஏன் எலும்பு மருத்துவர் எவரும் எதுவும் செய்யவில்லை என்ற கேள்வி அங்கு எழுந்தது. தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நீட்டும் அறுவைகளை அவர் செய்யத் தொடங்கினார். கட்டட வேலை கற்ற கை அங்கே பயன்பட்டது. மார்கரெட் கண் மருத்துவரானார். தொழுநோயாளரின் கண்களைக் காப்பது அவருடைய தனித்துறையாயிற்று. ஆறு பிள்ளைகளைப் பெற்ற இல்லம் அது. தொழுநோயாளரைத் தொடவும் பலர் அஞ்சிய காலத்தில் அப்பெற்றோர் இவ்வேலையில் இறங்கினார்கள்.

தொழுநோயில் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே அந்நாளில் பெரும்பாலோர் நம்பினர். பிராண்டு அவ்வாறன்று என்று கண்டார். கிருமி நரம்புகளைத் தாக்குகிறது, உணர்வு போகிறது, உணர்வு போன கையை மனிதன் தானே சிதைத்துக்கொள்கிறான். கொதிக்கும் பாத்திரத்தை எடுக்கிறான், துருப்பிடித்த பூட்டைத் தோல் கிழியுமாறு திருகுகிறான், முள் தைத்த காலோடு மைல்கணக்கில் நடக்கிறான். நோயாளர் தங்கிப் பயிற்சி பெற வேலூரில் உருவான நவஜீவ நிலையத்தில் ஒரு புதிர் எழுந்தது. பகலெல்லாம் கவனமாக இருந்தவரின் விரல் நுனி, விடிந்து பார்த்தால் காணவில்லை. இரவில் ஆளமர்த்திக் காவலிருந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. எலி வந்து கடித்திருக்கிறது. வலி இல்லாததால் அவர் விழிக்கவில்லை. அன்றுமுதல் நோயாளர்களுக்குப் பூனை ஒன்று துணையாக்கப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய பரிந்துரைச் சீட்டு வேறு இருக்குமா என்று நாங்கள் வியப்பதுண்டு.

பிராண்டே ஓர் இரவு அவ்வச்சத்தை அனுபவித்தார். நெடும்பயணம் முடிந்து லண்டனில் ஒரு விடுதி அறையில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டது, இனி மனைவி மக்களைப் பிரிந்திருக்க வேண்டும் என்று எண்ணி இரவெல்லாம் உறங்காதிருந்தார். காலையில் மீண்டும் ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீரென்று வலித்தது. முன்னாள் ரயிலில் வெகுநேரம் ஒரே நிலையில் அமர்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி செலுத்தினார்.

நம் மருத்துவமனையில் இன்று உணர்விழந்த பாதங்களோடு வருவோரில் பெரும்பாலோர் தொழுநோயாளர் அல்லர், நீரிழிவு நோயாளர். நெடுங்காலச் சர்க்கரை, உடலின் மிக நீண்ட நரம்புகளை முதலில் கெடுக்கிறது. ஆகவே பாதமே முதலில் மரத்துப் போகிறது. தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்குப் பிளாஸ்டர் கட்டுப் போட்டு, எடையைப் பரப்பி ஆற்றும் முறையைப் பிராண்டு பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து அது நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பயன்பட்டது. இன்று நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளருக்காகச் சோதித்துத் தேர்ந்த மென்ரப்பரின் வழிவந்ததே. மானாமதுரைத் தயாபுரத்தில் தொழுநோயாளரிடையே நடந்த ஊழியத்தை அறிந்த நம் வட்டார மூத்தோர்க்கு இச்செருப்புப் புதிதாய்த் தோன்றாது.

"வலியே இல்லை, டாக்டர், அதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை." பாதப் புண்ணோடு வருபவர் சொல்லும் இவ்வாக்கியம் எங்களுக்கு மனப்பாடம். வலி இல்லாமையே அங்கு நோய்.

ஒரே உடலின் உறுப்புகள்

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதுகையில், ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் கூடவே துன்புறும் என்ற கருத்தைச் சொல்கிறார். பால் பிராண்டு தம் மருத்துவ அனுபவத்தோடு அப்பகுதியை இணைத்து, 1980-இல் பிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதிய நூலிலும் பின்வந்த நூல்களிலும் விளக்கினார். உடல் நலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம், அதில் வலியே இல்லாதிருப்பதன்று. எங்கு நோகிறதோ அது உடலெங்கும் உணரப்படுகிறதா என்பதே அடையாளம்.

குடும்பமும் ஓர் உடல். சண்டை சச்சரவு இல்லாத, அமைதியான, ஒழுங்காக ஆலயம் செல்லும் வீடுகள் சில மரத்துப் போனவையாக இருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். மகளின் திருமணம் முடியட்டும் என்று தாய் தன் காலைச் சேலைக்குள் மறைத்து வைக்கிறார். சிங்கப்பூரிலுள்ள மகனிடம் தொலைபேசியில் "நல்லா இருக்கேன்ப்பா" என்று தந்தை சொல்கிறார். மகனும் அதனை நம்பிவிடுகிறான், நம்புவது வசதியாக இருப்பதால். மூன்று வேளையும் ஒரே கூடத்தில் உண்ணும் எட்டுப் பேரில் ஒருவர்கூட அந்தப் பாதத்தைப் பார்த்திருக்கவில்லை. இதனைத் தியாகம் என்று புகழ்வது நம் வழக்கம். மறைத்தவரின் அன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், மறைக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிய வீட்டைப் புகழ மனம் வரவில்லை. கடவுளின் சித்தத்தின்மேல் கட்டப்பட்ட வீட்டில் நோவைச் சொல்ல நோயாளிக்கு அச்சம் இராது. சொல்லாவிட்டாலும் மற்றவர் கண் அதனைத் தேடும்.

நரம்பு செத்துப்போன பாதத்துக்கு வீட்டாரின் கண்ணே நரம்பு. இது உவமை மட்டுமன்று, மருத்துவ அறிவுரையும் இதுவே.

பாதத்தைக் கையில் எடுத்தல்

இராவுணவு வேளையில் ஆண்டவர் எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவினார். பெரிய வியாழனன்று நம் ஆலயங்கள் சிலவற்றில் இதனைச் சடங்காக நினைவுகூர்கிறோம். அதனை வீட்டில் நாள்தோறும் செய்ய முடியும் என்பதே நாங்கள் இங்கே சொல்ல வருவது.

மாலை குடும்ப ஜெபம் முடிந்ததும், அங்கேயே, நீரிழிவு உள்ளவரின் இரு பாதங்களையும் வீட்டார் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும். உள்ளங்கால், குதி, விரல் இடுக்குகள், நகக்கண்கள். பேரப்பிள்ளை டார்ச் பிடிக்கட்டும். பிள்ளைகள் இவ்வேலையை எவ்வளவு ஆர்வத்தோடு செய்வார்கள் என்பதைப் பார்த்து வியப்பீர்கள். கொப்புளம், வெடிப்பு, கறுத்த புள்ளி, புதிய தடிப்பு, ஈரக்கசிவு ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் மறுநாளே எங்களிடம் வாருங்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்து, வெம்மையாக வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே வாருங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். கழுவும் நீரின் சூட்டை நோயாளி தம் காலால் பார்க்கலாகாது. உணர்வுள்ள மற்றொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். கழுவிய பின் விரலிடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும், அங்கு எண்ணெய் வேண்டா. காய்ப்பைப் பிளேடால் சீவுவது கூடவே கூடாது. செருப்பை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். சிறு கல்லொன்று ஒரு நாள் முழுவதும் உள்ளே கிடந்ததை அறியாது நடந்தவர்கள் உண்டு. வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும்.

இதைச் சொல்வது எளிது. நம் வீடுகளில் செய்வதற்கு ஒரு தடை உண்டு; அது மருத்துவத் தடையன்று. கணவன் மனைவியின் காலைத் தொட்டால் அவளுக்குப் பாவம் சேரும் என்று பெண்கள் பதறி இழுத்துக்கொள்கிறார்கள். கணவரின் பாதத்தை மனைவி பார்த்துவிடுகிறார். மாமியாரின் பாதத்தை மருமகள் பார்த்துவிடுகிறார். மனைவியின் பாதத்தை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. அம்மியில் வைத்து மெட்டி அணிவிக்கும் வழக்கமுள்ள வீடுகளில்கூட, அந்த ஒரு நாளைக்குப் பிறகு கணவர் கை அப்பாதத்துக்குச் செல்வதில்லை. பாதம் வீங்கி அதே மெட்டி விரலை அறுத்த பின், அதனை வெட்டி எடுக்கும் பணி எங்களுக்கு வருகிறது.

பேதுருவும் இவ்வாறே காலை இழுத்துக்கொண்டார். தம் குரு தம் காலைத் தொடுவதா என்று மறுத்தார். அதற்கு உடன்படாவிட்டால் தம்மோடு அவருக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் உணர்த்தினார். பணிவிடை செய்வதற்கு எவ்வளவு தாழ்மை வேண்டுமோ, அதனை ஏற்றுக்கொள்வதற்கும் அவ்வளவு தாழ்மை வேண்டும். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், மனைவிக்குரிய கடமையைச் சொல்லும் வசனத்தை ஆண்கள் பலர் நன்கறிவர். கணவன் தன் சொந்த உடலைப் பேணிக் காப்பதுபோல மனைவியைப் பேண வேண்டும் என்ற கருத்து, அதே பகுதியில் சில வசனங்கள் தள்ளி இருக்கிறது. அதனைச் செய்து காட்ட, நீரிழிவுள்ள மனைவியின் பாதத்தைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

பணிவிடை செய்பவரின் கைகள்

நோயாளியோடு வரும் ஒருவரையே மாதந்தோறும் காண்கிறோம். பெரும்பாலும் மூத்த மருமகள், அல்லது மணமாகாத மகள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு வந்து, தலையில் கைவைத்து ஜெபித்து, அறிவுரை கூறிச் செல்கிறார்கள். (சர்க்கரை நோயாளிக்கு மாம்பழக் கூடை கொண்டுவரும் அன்பை என்னவென்று சொல்வது!) அப்பெண்ணின் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்பார் இல்லை. அவரும் இவ்வுடலின் ஓர் உறுப்பு. அவருக்கு நோவது இவ்வீட்டில் உணரப்படுகிறதா?

அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது, ஆரோனும் ஊரும் அவரைக் கல்லின்மேல் அமர்த்தி, ஆளுக்கொரு பக்கமாகக் கைகளைத் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17). கைகளை இன்னும் உயர்த்திப் பிடிக்கும்படி அவர்கள் மோசேக்கு அறிவுரை கூறவில்லை. வாரத்தில் இரண்டு இரவு மற்றொரு மகன் துணையிருக்கலாம். புண்ணுக்குக் கட்டு மாற்ற இன்னொருவர் கற்றுக்கொள்ளலாம். தொலைவிலிருப்பவர் மாத்திரைச் செலவை ஏற்கலாம். பெற்றோர்க்குரியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லி அவர்களைக் கைவிட்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இரவு முழுவதும் நடக்கும் உபவாச ஜெபத்துக்குச் செல்வோர், வீட்டில் இன்சுலின் போட ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செல்வதே முறை.

நேர்த்திக்கடன்களைப் பற்றியும் ஒரு சொல். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்லும் அன்பர்கள் எங்களிடம் வருகிறார்கள். சித்திரையில் அழகர் வைகைக்குப் புறப்படும் நாட்களில், சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு பின்செல்லும் அன்பர்களும் வருகிறார்கள். பக்தியில் குறை காண எங்களுக்கு உரிமையில்லை. உணர்வுள்ள பாதம் சூடு தாளாமல் நிழலைத் தேடி ஒதுங்கும். உணர்வற்ற பாதம் கொப்பளித்த பின்னும் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே பாதம் மரத்தவர்கள் எந்தச் சமயத்தவராயினும், எந்த வேண்டுதலாயினும், வெறுங்காலோடு நடக்க வேண்டா. உங்கள் குருவானவரோ பூசாரியோ இதற்கு மாறாகச் சொல்வார் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஐயமிருந்தால் அவரையே கேட்டுப் பாருங்கள்.

நம் பாதப் பரிசோதனைப் பிரிவில், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்வு எங்கெங்கு இருக்கிறது என்று குறிக்கிறோம். நோயாளி கண்களை மூடிக்கொள்வார். அடுத்த முறை வரும்போது, வீட்டில் பாதத்தைப் பார்ப்பவர் எவரோ அவரையும் அழைத்து வாருங்கள். இன்னும் எவரும் பார்க்கத் தொடங்கவில்லையெனில், கணவரோ மகனோ வரட்டும். இழையை அவர் கையிலேயே கொடுத்துத் தொடச் சொல்லுவோம். தாம் தொட்டும் தம் மனைவி "தொட்டீர்கள்" என்று சொல்லாத இடங்கள் எவை என்பதை அவரே கண்டுகொள்வார். அவ்விடங்களைப் பேனாவால் வட்டமிட்டு வீட்டுக்கு அனுப்புவோம்.